இருபத்தாறு மணி நேரம்

குரலெடுத்து அழுவதற்கு முன்னால் சுகுணா செய்த முதல் காரியம், தரையில் கிடந்த பிளக்கை எடுத்து மறுபடியும் சொருகியதுதான். சிவப்புத் துணி சுற்றிய பிளக். மாமனாரின் ஆக்ஸிஜன் மிஷினுடையது. சொருகியதும் மிஷின் ஒரு தடவை கனைத்துவிட்டு ஓடத் தொடங்கியது. சுவர்ப் பக்கம் ஒருக்களித்துப் படுத்திருந்த காளியண்ணனின் மூக்கில் குழாய் வைத்தது வைத்தபடியே இருந்தது. அதன் வழியாகக் காற்றும் போனது. வாங்கிக்கொள்ளத்தான் அவர் இல்லை.

பாதத்தைத் தொட்டுப் பார்த்தாள். கணுக்கால் வரை சில்லிட்டிருந்தது. இரண்டு வருஷமாக அந்தக் காலுக்கு எண்ணெய் தேய்த்து, நகம் வெட்டி, வீக்கம் ஏறியிருக்கிறதா இறங்கியிருக்கிறதா என்று அமுக்கிப் பார்த்தவள் அவள். வேறு யாரும் வந்து சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அப்புறம் தன் போனை எடுத்தாள். கிழங்குக் காட்டுப் பள்ளத்தில் சிக்னல் கிடையாது. மேடேறி வரும்போதுதான் செய்தி வந்து விழுந்தது. மாமா கூப்பிட்டிருக்கிறார், பன்னிரண்டு இருபதுக்கு. அதைப் பார்த்துத்தான் மண்ணும் சேறுமாக ஓடி வந்தாள். இப்போது அந்தச் செய்தியை அழித்தாள். பின்னால் அதை நினைத்து அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. இதெல்லாம் முடிந்த பிறகுதான் வாசலுக்கு வந்து வயிற்றில் அடித்துக்கொண்டு கத்தினாள்.

கல்நெஞ்சக்காரி என்று அவசரப்பட்டுச் சொல்லிவிட வேண்டாம். மலை மேல், அரியூர் நாடு என்கிற வட்டாரத்தில் இருந்த அவர்கள் ஊருக்கு ஒரு கட்டுப்பாடு இருந்தது. தன் உயிரைத் தானே போக்கிக்கொண்டவருக்கு மேளம் கிடையாது, பங்காளிகளின் இடுகாட்டில் குழி கிடையாது. ஓடைக்கு அந்தப் பக்கம் புதைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட வேண்டும். இரண்டு வருஷத்துக்கு முன் பூச்சிமருந்து குடித்த ஒருவனுக்கு அப்படித்தான் நடந்தது. அதற்கு முன்னால் போலீஸ் வந்து, பிணத்தைக் கீழே கொண்டுபோய், அறுத்துத் தைத்துக் கொடுத்தார்கள். அவன் அம்மா இன்றைக்கும் ஓடைக் கரையில் நின்றுதான் அழுகிறாள்.

சிவப்புத் துணி சுற்றிய பிளக் தரையில் கிடந்தால் வருகிறவர்கள் கண்ணில் முதலில் அதுதான் படும். தவறுதலாகப் பிடுங்கிவிட்டார் என்று சொல்லவும் வழியில்லை. தவறியும் யாரும் கை வைத்துவிடக் கூடாது என்று அந்தத் துணியைச் சுற்றியதே சுகுணாதான். அதே சுவிட்ச் பலகையில், நாலு விரல் தள்ளி, இன்னொரு பிளக் இருந்தது. அதற்குத் துணி இல்லை. அது சொருகினபடி அப்படியே இருந்தது. அது பிரிண்டருடையது.

காகிதத்தில் எழுத்து அடிக்கிற பிரிண்டர் இல்லை. பிளாஸ்டிக் இழையை உருக்கி, முறுக்குப் பிழிகிற மாதிரி கோட்டின் மேல் கோடாகப் பிழிந்து, பொருளையே செய்து நிறுத்துவது. சுகுணாவின் புருஷன் முருகானந்தம் பெங்களூரில் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டரில் படம் வரைகிற வேலை பார்த்தான். சனிக்கிழமையானால் கூட வேலை பார்த்தவர்கள் ஒரு பெரிய மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, கட்டைவிரல் உயரச் சிப்பாய்களை நிறுத்திப் பகடை உருட்டிச் சண்டை போடுவார்கள். சிப்பாய்கள் எல்லோரிடமும் இருந்தார்கள். சண்டை போடுவதற்கு இடம் வேண்டுமே. குன்று, பாலம், இடிந்த மதில், கோட்டை வாசல் என்று மேஜை மேல் வைக்க ஒரு நிலப்பரப்பே வேண்டும். அதைக் கச்சிதமாகச் செய்து தருகிற ஆளுக்கு நல்ல கிராக்கி.

கல்யாணமாகிப் பிள்ளை பெற்ற ஆம்பிளைகள் விளையாடுவதற்காக மலையை விலைக்கு வாங்குவார்கள் என்று அவன் சொன்னபோது சுகுணா விழுந்து விழுந்து சிரித்தாள். இங்கே வரச்சொல்லுங்கள், சும்மாவே அள்ளிக்கொண்டு போகட்டும் என்றாள். அப்போதெல்லாம் அவளுக்குச் சிரிக்க வந்தது.

பிறகு காளியண்ணனின் நெஞ்சு கெட்டது. மலைக்குக் கீழே, கீழ்நாட்டில் கல் அரைக்கிற இடத்தில் பதினாறு வருஷம் தூசியைத் தின்றவர். மழைக்காலத்தில் ஒருநாள் மூச்சு விட முடியாமல் விழுந்தார். நுரையீரல் இனி தேறாது, வீட்டிலேயே மிஷின் வைத்து ஆக்ஸிஜன் கொடுங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். முருகானந்தம் வேலையை விட்டுவிட்டு மலைக்கு வந்தான். கிழங்கும் மிளகும் மட்டும் நம்பி உட்கார முடியாது. மேஜை விளையாட்டுக்காரர்களுக்கு இங்கிருந்தே மலை செய்து அனுப்பலாம் என்று முடிவானது.

எந்தப் பிரிண்டர் வாங்குவது என்று பார்ப்பதிலேயே நாலு மாசம் போனது. பெண் பார்க்க வந்தபோதுகூட அவன் இத்தனை யோசிக்கவில்லை என்று சுகுணா குத்திக்காட்டுவாள். பிசின் மாதிரி ஒரு திரவத்தில் செய்கிற வகை ஒன்று இருந்தது. விலை மட்டு, வேலைப்பாடு நுணுக்கம். ஆனால் அந்தத் திரவத்தின் நெடி நெஞ்சைப் பிடிக்கும். நெஞ்சு கெட்டவர் படுத்திருக்கிற வீட்டுக்கு அது ஆகாது என்று முதலிலேயே தள்ளினார்கள். மிச்சம் இழையில் செய்கிறவை இரண்டு. ஒன்று மூடின பெட்டி. பொருள் எழும்புகிற தட்டை அதுவே மட்டம் பார்த்துக்கொள்ளும், குளிர்காற்று உள்ளே போகாது, கரண்ட் போய் வந்தால் விட்ட இடத்தில் சரியாகப் பிடித்துக்கொள்ளும், வருஷக்கணக்கில் உழைக்கும். இன்னொன்று திறந்த சட்டம். நாமே திருகிப் பொருத்த வேண்டும். விலை பாதிக்கும் கீழே. அதுவும் விட்ட இடத்தில் பிடிக்கும் என்றுதான் விளம்பரம். ஆனால் கரண்ட் போனதும் சூடான தட்டு ஆறிவிடும், ஆறினால் பொருள் தட்டிலிருந்து கழன்றுகொள்ளும், அப்புறம் எங்கே பிடிப்பது என்று வாங்கினவர்கள் இணையத்தில் திட்டியிருந்தார்கள்.

முருகானந்தத்துக்குப் பெட்டிதான் வேண்டும். சுகுணாதான் மறித்தாள். காற்றுக்கு ஒரு கிளை அசைந்தால் கரண்ட் போகிற ஊர். மாமாவின் மிஷினுக்கு இன்வெர்ட்டரும் பேட்டரியும் வாங்கியாக வேண்டும். மலிவான பிரிண்டரை வாங்கினால் மிச்சத்தில் இன்வெர்ட்டர் வந்துவிடும் என்றாள். நியாயமான பேச்சு. யார் கேட்டாலும் தலையாட்டியிருப்பார்கள். அவனும் ஆட்டினான். இன்வெர்ட்டர் வந்து இறங்கிய அன்றைக்குக் காளியண்ணன் அவளைக் கூப்பிட்டு, உன்னால்தான் எனக்கு இது என்று சொன்னார். அவர் யாரையும் பாராட்டுகிற ஆளில்லை. அதற்கு முன்னும் பின்னும் அப்படி ஒரு வார்த்தை அவர் சொன்னதில்லை.

இன்வெர்ட்டர் முழு சார்ஜில் இருந்தால் ஆக்ஸிஜன் மிஷினை மட்டும் நாலு மணி நேரம் ஓட்டும். அதற்கு மேல் கரண்ட் வராமல் போவது அபூர்வம். வந்த புதிதில் பிரிண்டரை வீட்டுக் கரண்டில்தான் வைத்திருந்தான் முருகானந்தம். மலைக்காற்று படாமல் அட்டைப் பெட்டியும் கொசுவலையும் வைத்து அதற்கு ஒரு குடில்கூடக் கட்டினான். சின்னச் சின்ன மதில், பாறை எல்லாம் நன்றாகவே வந்தன. பெரிய உருப்படிகள்தான் கழுத்தை அறுத்தன. பதினெட்டாவது மணி நேரத்தில் கரண்ட் போகும், பாதி மலை மொட்டையாக நிற்கும். அதைத் தூக்கிப் போடுவதைத் தவிர வேறு வழியில்லை. கடைசியில் பிரிண்டரையும் இன்வெர்ட்டர் பலகையில் சொருகினான். பெரிய உருப்படி ஓடும்போது மட்டும் என்று சொல்லிக்கொண்டான். இரண்டும் சேர்ந்து ஓடினால் பேட்டரி இரண்டரை மணி நேரம்தான் நிற்கும். அது அவனுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

அந்த நேரத்தில்தான் பெங்களூர் விளையாட்டுக்காரர்களின் சங்கம் ஒன்றிலிருந்து பெரிய வேலை வந்தது. படிப்படியாக வயல் வெட்டின மலைச்சரிவு, ஒரே துண்டாக, தட்டு முழுவதையும் அடைக்கிற அளவுக்கு. செய்ய இருபத்தாறு மணி நேரம். நன்றாக வந்தால் வருஷம் பூராவும் அவர்கள் வேலை இவனுக்குத்தான். முதல் தடவை, பிரிண்டரில் இழை பிழிகிற மூக்கு அடைத்து வீணானது. இரண்டாம் தடவை இருபதாவது மணி நேரத்தில் கரண்ட் போய், பேட்டரி இறங்குகிற பீப் சத்தம் அடித்தது. கட்டிலில் இருந்த காளியண்ணன் பயந்துபோய்க் கையை நீட்டி, துணி சுற்றாத பிளக்கைப் பிடுங்கிவிட்டார். அதற்கடுத்த ஐந்தாவது நிமிஷம் கரண்ட் வந்தது.

முருகானந்தம் வீணானதைப் பெயர்த்துக் குப்பையில் போட்டான். அப்பாவிடம் இரண்டு நாள் பேச்சை நிறுத்திக்கொண்டான், அவ்வளவுதான். பேசியது சுகுணா. காலையிலிருந்து காட்டு வேலை, மாட்டு வேலை, கிழவருக்குக் கஞ்சி, இப்போது இதுவும். கொட்டிவிட்டாள்.

"உங்க மூச்சு ஒன்னுதான் இந்த ஊட்டுல பெருசா மாமா? நாங்க பொழைக்க வேண்டாமா?"

காளியண்ணன் அவளைப் பார்த்தார். பிறகு தலையணையைச் சரிசெய்துகொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். சாயங்காலம் கஞ்சியை மிச்சம் வைக்காமல் குடித்தார். கோபம் ஆறிவிட்டது என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

மூன்றாம் தடவை, செவ்வாய்க்கிழமை காலை பதினொன்று நாற்பதுக்கு ஓடவிட்டார்கள். புதன்கிழமை விடிந்தபோது முக்கால்வாசி மலை எழுந்து நின்றிருந்தது. முருகானந்தம் காலை பஸ்ஸில் கீழே சேந்தமங்கலம் போனான். முடிந்த சின்ன உருப்படிகளைப் பார்சல் போட வேண்டும், காலியான ஆக்ஸிஜன் சிலிண்டரை நிரப்பி வர வேண்டும். பத்தரைக்குக் காற்றில் ஒரு சில்வர் ஓக் மரம் கம்பி மேல் சாய்ந்து கரண்ட் போனது. பதினொன்றுக்குக் கிழங்கு லாரி வந்துவிட்டதாக ஆள் வந்தது.

சுகுணா பலகைக்கு முன்னால் நின்று யோசித்தாள். பிரிண்டருக்கு இன்னும் இரண்டு மணி நாற்பது நிமிஷம் பாக்கி. பேட்டரி ஒரு மணி வரை தாங்கும். மூட்டையை ஏற்றிவிட்டுப் பன்னிரண்டுக்கெல்லாம் வந்துவிடலாம். அப்போதும் கரண்ட் வரவில்லையென்றால், போனால் போகிறது என்று பிரிண்டரை நிறுத்திவிடலாம். அவள் அப்படித்தான் நினைத்தாள். பீப் அடித்தால் எனக்குப் போன் போடுங்கள், ஓடி வந்துவிடுகிறேன், நீங்கள் எதையும் தொடாதீர்கள் என்று மாமனாரிடம் சொன்னாள். அவர் சரி என்று தலையாட்டினார். சிக்னல் கிடைக்கிற மேட்டில்தான் லாரி நிற்கும் என்று அவள் எண்ணியிருந்தாள். முந்தின நாள் மழையில் பாதை வழுக்கி, லாரி வேறு வழியாகப் பள்ளத்துக்குள் இறங்கி நின்றது. ஆளும் குறைவு. கடைசி மூட்டை ஏறும்போது மணி ஒன்றரை.

ஓடி வந்து கதவைத் தள்ளியபோது ஒன்று ஐம்பது. பீப் சத்தம் இல்லை. இன்வெர்ட்டரின் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பிரிண்டர் வேலையை முடித்துவிட்டு ஓய்ந்திருந்தது. படிப்படியாக வயல் வெட்டின மலை, ஒரு மூலைகூடத் தூக்காமல், முழுசாக நின்றது. சிவப்புத் துணி சுற்றிய பிளக் கட்டிலுக்குக் கீழே கிடந்தது.

இதற்குப் பிறகு நடந்ததை முதலிலேயே சொல்லியாகிவிட்டது.

பத்து நிமிஷத்தில் கரண்ட் வந்தது, அரை மணியில் ஊர் வந்தது. துணை சுகாதார நிலையத்து நர்ஸ் வந்து பார்த்தாள். இரண்டு வருஷமாக அவளும் பார்க்கிற நோயாளிதான். எதிர்பார்த்ததுதானே என்று சொல்லிக் குழாயை மூக்கிலிருந்து எடுத்தாள். யாருக்கும் எந்தச் சந்தேகமும் வரவில்லை. நிரப்பின சிலிண்டரைத் தோளில் வைத்துக்கொண்டு முருகானந்தம் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தபோது, வாசலில் பெஞ்சு போட்டு ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவன் சிலிண்டரை இறக்கி வைக்க மறந்து, அப்படியே நின்றான். யாரோ வாங்கி ஓரமாக வைத்தார்கள்.

தேவனூர் நாட்டிலிருந்து அவனுடைய அக்கா கோகிலா பொழுது சாய்வதற்குள் வந்துவிட்டாள். அப்பன் மேல் விழுந்து அழுது ஓய்ந்ததும், எழுந்து வீட்டை ஒரு சுற்றுப் பார்த்தாள். பலகையைப் பார்த்தாள். அவள் பத்தாவது வரைதான் படித்தவள், ஆனால் கணக்கில் புலி.

"பொம்ம மிஷினும் எங்கப்பன் மிஷினும் ஒரே பலகையிலயா?" என்று தம்பியைக் கேட்டாள். "இது தின்னுதான் அதுக்கு இல்லாமப் போச்சா?"

முருகானந்தம் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். பஸ் ஏறி வந்த எழுபது வளைவுகளிலும் அவன் இதையேதான் தன்னைக் கேட்டுக்கொண்டு வந்திருக்கிறான் என்பது அவன் முகத்தில் தெரிந்தது. அவன் வாயைத் திறந்தால் ஆமாம் என்றுதான் சொல்லுவான். சுகுணா முந்திக்கொண்டாள்.

"இல்லீங்க அண்ணி. நானு வரும்போது மிஷினு ஓடிக்கிட்டுத்தான் இருந்துச்சு. தூக்கத்துலயே போயிட்டாருங்க."

அவன் தலையை நிமிர்த்தி அவளைப் பார்த்தான். அந்தப் பார்வையை அவள் சாகிறவரை மறக்க மாட்டாள். தண்ணீரில் மூழ்கினவனைத் தலைமயிரைப் பிடித்துத் தூக்கிவிட்டால் எப்படிப் பார்ப்பானோ அப்படிப் பார்த்தான். கூட்டத்தில் யாருக்கும் தெரியாமல் அவள் கையைப் பிடித்து ஒரு தடவை அழுத்தினான். கல்யாணமான இந்த ஏழு வருஷத்தில் ஊர் நடுவில் அவன் அவளைத் தொட்டதே இல்லை. பொய் சொன்னதற்கு இவ்வளவு பெரிய கூலியா என்று அவளுக்கு இருந்தது. பிளக்கைச் சொருகியது சரிதான், அழித்ததும் சரிதான் என்று மனசைத் தேற்றிக்கொண்டாள்.

மறுநாள் காலையில் மேளத்தோடு எடுத்தார்கள். பங்காளிகளின் இடுகாட்டில், அவருடைய அப்பன் காலடியிலேயே குழி. ஊருக்குத் தலைவரான ஊர்க்கவுண்டர் செங்கோடன், மகன் என்றால் இப்படி இருக்க வேண்டும், பெங்களூர் வேலையை உதறிவிட்டு வந்து அப்பனுக்கு மூச்சு வாங்கிக் கொடுத்தானே என்று நாலு பேர் கேட்கச் சொன்னார். மருமகளுக்கும் ஒரு பங்கு புகழ் வந்தது. பெற்ற மகள்கூட இப்படிப் பார்க்க மாட்டாள் என்றார்கள். கோகிலா காதில் விழட்டும் என்று சொன்னதாகவும் இருக்கலாம். புகழ்ச்சி ஒவ்வொன்றுக்கும் சுகுணா முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். யாராவது ஒருவர் தன்னைக் கன்னத்தில் அறைந்தால் தேவலை என்று தோன்றியது.

மண் தள்ளுவதற்கு முன் செத்தவர் புழங்கிய சாமான்களைக் குழிக்குள் வைக்கிறது வழக்கம். கோகிலாதான் வைத்தாள். வெற்றிலைப் பை, ஊன்றுகோல், மூக்குக் கண்ணாடி. கடைசியில் பட்டன் போனையும் எடுத்தாள். அப்பன் தினமும் சாயங்காலம் அதில்தான் தன்னோடு பேசுவார், அதுவும் அவரோடு போகட்டும் என்று அழுதுகொண்டே போட்டாள். அந்தப் போனுக்குள் பன்னிரண்டு இருபது இருந்தது. சுகுணா பார்த்துக்கொண்டு நின்றாள். வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு ஒரு காரணமும் இல்லை, சொல்லாமல் இருக்கத்தான் காரணம் இருந்தது. மண் விழுந்து மூடியபோது, பாவி, அவளுக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

சாப்பிட உட்காரும்போதெல்லாம் அவளுக்கு அந்த நிமிஷம்தான் ஞாபகம் வந்தது. பீப் அடித்திருக்கும். போன் போட்டுப் பார்த்திருப்பார். கிடைக்கவில்லை. இரண்டு பிளக்கும் கைக்கு எட்டுகிற தூரம். போன தடவை எதைப் பிடுங்கினார், அதற்கு என்ன வாங்கிக் கட்டிக்கொண்டார் என்பது அவருக்கு மறந்திருக்காது. பயத்தில் செய்தாரா, ரோஷத்தில் செய்தாரா, பிள்ளைகள் பிழைக்கட்டும் என்று செய்தாரா? அவருக்கு அன்பு இருந்ததா என்பதே அவளுக்குத் தெரியாது. கஞ்சி ஆறிப்போனதைப் பற்றியும் எண்ணெய் போதாததைப் பற்றியும்தான் அவர்கள் இரண்டு வருஷம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

மூன்றாம் நாள் பால் தெளித்துவிட்டு வந்து வாசலில் உட்கார்ந்திருந்தபோது, பக்கத்து வீட்டுச் சின்னராசு சும்மா பேச்சுக்குச் சொன்னான். சாவன்றைக்கு மரத்தை அறுத்துத் தள்ளியவர்களில் அவனும் ஒருவன். பத்தரைக்குச் சாய்ந்த மரம், இரண்டு மணிக்குத்தான் கம்பியைக் கட்டிக் கரண்ட் விட்டார்கள் என்றான். முருகானந்தம் தலையாட்டிக் கேட்டுக்கொண்டான். அப்புறம் சங்கத்துக்காரர்களிடமிருந்து போன் வந்தது. துக்கம் விசாரித்துவிட்டு, மெதுவாக, மலை என்னவாயிற்று என்று கேட்டார்கள். பார்த்துச் சொல்கிறேன் என்று உள்ளே போனான்.

சுகுணா அடுப்படியில் இருந்தாள். தட்டிலிருந்து உருப்படியைப் பெயர்க்கிற சத்தம் கேட்டது. பிறகு ஒரு சத்தமும் இல்லை. வெகுநேரம் ஆகவே கையைத் துடைத்துக்கொண்டு போய்ப் பார்த்தாள். கொசுவலைக் குடில் விலகிக் கிடந்தது. அவன் மலையை மடியில் வைத்துக்கொண்டு, காலியான கட்டிலில் உட்கார்ந்திருந்தான். விரலால் ஒவ்வொரு படியாகத் தடவிக்கொண்டு வந்தான். பிரிண்டர் இடையில் நின்று ஓடியிருந்தால் ஒரு வடு இருக்கும். அடியிலிருந்து உச்சி வரை ஒரு வடுவும் இல்லை. பிரிண்டரின் சின்னத் திரையில் முடிந்தது என்றும் அதன் கீழே 26:02 என்றும் இருந்தது. அட்டைப் பெட்டியின் மேல் பென்சிலில் அவன் கையெழுத்து: செவ்வாய், 11.40.

"ஒன்னே முக்காலுக்கு முடிஞ்சிருக்குது," என்றான். அவளைப் பார்க்காமலே சொன்னான். "ரெண்டும் ஓடியிருந்தா ஒரு மணிக்கே பேட்டரி உக்காந்திருக்கோணும்."

கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். இந்தக் கணக்கு மூன்று நாளாக வீட்டுக்குள் கண்ணெதிரே நின்றிருக்கிறது, அவளுக்குத் தோன்றவே இல்லை. பிளக்கை, போனை எல்லாம் யோசித்தவள் அந்த மலையை யோசிக்கவில்லை.

"நீ வரும்போது மிஷினு ஓடிக்கிட்டு இருந்துச்சுன்னு சொன்ன."

"இல்லீங்க," என்றாள். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று இருந்தது. சொன்னால் பாரம் இறங்கும் என்றுகூட நினைத்தாள். "பிளக்கு கீழ கெடந்துச்சு. மாமாவே புடுங்கிட்டாருங்க."

"அப்புறம் யாரு சொருகுனது?"

"நானு."

"ஏன்?"

ஊர்க்கட்டுப்பாடு, ஓடைக்கரை, போலீஸ், மேளம் என்று அவள் சொல்லத் தொடங்கினாள். சொல்லச் சொல்லத் தன் குரலே தனக்கு நம்பும்படியாக இல்லை என்று அவளுக்குப் பட்டது. அவன் முடிகிறவரை கேட்டான். அப்பா உனக்குப் போன் செய்யவில்லையா என்று கேட்டான். செய்தார் என்றாள். காட்டு என்று கையை நீட்டினான். அழித்துவிட்டேன் என்றாள். அப்பாவுடைய போன் எங்கே என்றான். அவனுக்கே தெரியும். குழிக்குப் பக்கத்தில் நின்று அவனும்தான் பார்த்தான்.

அவள் சொன்னது அத்தனையும் உண்மை. ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிப் பார்த்தால், இருபதாவது மணி நேரத்தில் வீணான வேலைக்கு ஆத்திரப்பட்டு, மூன்றாவது தடவையும் வீணாகிவிடக் கூடாது என்று, சிவப்புத் துணி சுற்றிய பிளக்கைப் பிடுங்கி வைத்துவிட்டுக் கிழங்கு ஏற்றப் போன ஒரு பெண்தான் அதில் தெரிந்தாள். அவளுக்கே தெரிந்தாள். அவனுக்குத் தெரியாமல் இருக்குமா?

"அன்னிக்கு நீ அப்பங்கிட்ட கேட்டது ஞாபகம் இருக்குதா?" என்றான்.

இருக்கிறது என்று தலையாட்டினாள். அப்போது நீங்களும்தானே பக்கத்தில் நின்றீர்கள், இரண்டு நாள் அவரிடம் பேசாமல் இருந்தது யார் என்று கேட்க நாக்கு வரை வந்தது. கேட்கவில்லை. அடிக்க வந்திருந்தால் கேட்டிருப்பாள். கத்தியிருந்தால், அவள் தலைமயிரைப் பிடித்து வாசலுக்கு இழுத்திருந்தால், மாமனார் மேல் சத்தியமாக என்று மண்ணை வாரிப் போட்டு அழுதிருப்பாள். அவன் ஒன்றும் செய்யவில்லை. நீயா செய்தாய் என்று கேட்கவும் இல்லை. கேட்டிருந்தால் இல்லை என்று சொல்லியிருக்கலாம். கேட்காத கேள்விக்கு எப்படிப் பதில் சொல்லுவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

அவன் எழுந்து பழைய செய்தித்தாளை எடுத்து மலையைச் சுற்றினான். மூலைகளுக்குத் துணி வைத்தான். அட்டைப் பெட்டியில் இறக்கி, பசைநாடா ஒட்டி, பெங்களூர் விலாசத்தை எழுதினான். நல்ல வேலை, ஒரு குறையும் சொல்ல முடியாது. வாங்குகிறவர்கள் சந்தோஷப்படுவார்கள். பிரிண்டரின் பிளக்கைப் பலகையிலிருந்து கழற்றி, வயரைச் சுருட்டி வைத்தான். சிவப்புத் துணி சுற்றியதை அவன் தொடவில்லை.

வாசலில் கோகிலா புறப்பட்டு நின்றிருந்தாள். பை கட்டியாகிவிட்டது. வீட்டில் பிள்ளைகள் தனியாக இருக்கிறார்கள், மாடு வேறு கன்று போடுகிற பருவம், நாலு மணி பஸ்ஸை விட்டால் நாளைக்குத்தான் என்று காலையிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தாள். முருகானந்தம் வெளியே போனான். சுகுணா உள்ளிருந்து கேட்டாள்.

"இன்னிக்கும் நாளைக்கும் இருந்துட்டுப் போ அக்கா."

"எதுக்குடா? அதான் எல்லாம் முடிஞ்சுதே."

"இருந்துட்டுப் போ."

கோகிலா தம்பியின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். பையைக் கொண்டுவந்து உள்ளே, மாமனாரின் கட்டில் மேல் வைத்தாள். பஸ் வளைவில் ஹாரன் அடித்து, ஏற ஆளில்லாமல் நிற்காமலே போனது. இனித் தன்னோடு தனியாக ஒரு ராத்திரி இருக்க அவனால் முடியாது என்று சுகுணாவுக்குப் புரிந்தது. அரிசிப் பானையைத் திறந்து, ஏற்கனவே அளந்திருந்ததோடு இன்னொரு பிடி அள்ளிப் போட்டு, களைய உட்கார்ந்தாள்.